போஸ்டரில் இருப்பவர் என் வீட்டுக்காரர் இல்லை

1

தூத்துக்குடியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் கடற்கரைச் சாலை மதிலிலும், கோயிலுக்குப் போகிற தெருமுனையிலும், மீன் ஏலக்கூடத்துத் தூண்களிலும் ‘பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சங்குகுளி இஞ்ஞாசி என்று என் வீட்டுக்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கண்ணீருடன் மனைவி என்று கீழே என் பெயரும் இருக்கும். பெயரெல்லாம் சரிதான். படத்தில் இருப்பவர்தான் என் வீட்டுக்காரர் இல்லை.

அவர் ஒரு ஜெர்மன்காரர். செத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. நம்ம ஊர்ப் பக்கம் அவர் வந்ததே கிடையாது.

இது எப்படி நடந்தது என்று நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாப்போடு படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம். ஆறாப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் போய், என் பெயரை நானே சொல்லிச் சேர வேண்டும் என்றார்கள். நான் சொல்லவில்லை. எழுதுகிறபோது யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம் என்பதால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் மகள் ஜெசிந்தா என்னை இங்கே கூட்டிவந்தாள். ஜெர்மனியில் ஒரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மருமகன் பஸ் ஓட்டுகிறார். பேத்தி மெர்லினுக்குப் பதினொரு வயது. தமிழ் கேட்டால் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில் வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் சொல்லுவாள், ரெண்டு பேரும் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொள்வோம். ஒன்பது வருஷமாக வீடு இப்படித்தான் ஓடுகிறது.

இந்த நாட்டில் தங்குவதற்கு ஒரு அட்டை தருகிறார்கள். அதைப் புதுப்பிக்கப் போட்டோ வேண்டும். ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, திரையைப் போட்டு, ஒரு மிஷின்தான் எடுக்கிறது. சிரிக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது, தலையைச் சாய்க்கக் கூடாது. என்னை மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் என் மூஞ்சியைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்தது.

“ஆச்சி, தலை!” என்று மெர்லின் வெளியிலிருந்து கத்தினாள்.

நான் நேராகத்தான் வைத்திருந்தேன். நேராக என்று எனக்குத் தோன்றுவதே கோணல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் என் வீட்டுக்காரர்தான். சங்கு எடுக்கப் பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்துக்கு முங்குகிறவர்களுக்குக் காதுதான் முதலில் போகும். தண்ணீர் அமுக்குகிற அமுக்கில் சவ்வு கிழிந்துவிடும். இவருக்கு வலது காது கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. யார் பேசினாலும் மூஞ்சியை ஒருபக்கமாகத் திருப்பி, இடது காதை முன்னால் நீட்டுவார். பார்க்கிறவர்களுக்கு, நாம் சொன்னதை நம்பாத மாதிரியே இருக்கும். நான் சத்தமாகப் பேசவும் மாட்டேன். அதனால் முப்பத்தாறு வருஷம் அவருக்கு இடது பக்கமே நின்று, தலையைச் சாய்த்து, காதுக்குப் பக்கத்தில் பேசிப் பேசி என் கழுத்தும் அப்படியே நின்றுவிட்டது. ஜெர்மன் மிஷினுக்கு இது எப்படித் தெரியும்?

கடைசியில் மெர்லின் திரைக்குக் கீழே கையை விட்டு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பச்சை வெளிச்சம் வந்தது. அட்டையும் வந்துவிட்டது. அதில் இருக்கிற பொம்பளை யாரென்று எனக்குத் தெரியவில்லை.

3

வயசானவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் பாஷை வகுப்பு நடக்கிறது. ஹெல்கா டீச்சர் நல்ல மனுஷி. ஒரு புதன்கிழமை எங்களைப் பழைய படங்கள் வைத்திருக்கும் காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார். ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தி, “என்ன தெரிகிறது? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்றார். நான் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சின்னப் படம், ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கும். கறுப்பு மையில் ஒரு ஆளின் மூஞ்சி. வரைந்தது என்று சொல்ல முடியாது. கோபத்தில் பிராண்டியது மாதிரி இருந்தது. நெற்றி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு, சிக்கிப்போன வலை போல. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. தாடை அரிவாள்மணைக் கட்டை மாதிரி. கழுத்து உடம்போடு ஒட்டவே இல்லை. மெர்லின் ரெண்டாம் வகுப்பில் இப்படி வரைந்ததற்கு, அவள் டீச்சர் என்னையும் ஜெசிந்தாவையும் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இங்கே சட்டம் போட்டு, லைட் போட்டு, காவலுக்கு ஒரு ஆளையும் நிறுத்தியிருந்தார்கள்.

சிரியாவிலிருந்து வந்த தையல்காரர் முதலில் சொன்னார்: “கழுத்துப்பட்டை ரெண்டு விரற்கடை சின்னது. அதனால்தான் மூஞ்சி இப்படி வீங்கியிருக்கிறது.” உக்ரைன் அம்மா, பல் வலி என்றார். வியட்நாம்காரர் ஒருவர், முன்பு ஓட்டலில் சமையல் செய்தவர், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை” என்றார். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் “நல்லது, நல்லது” என்று சொன்னாலும் மூஞ்சி வாடிக்கொண்டே வந்தது.

நான் அந்த ஆளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூஞ்சி முழுக்கக் கிறுக்கியவர் காதை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார். படத்தில் இருந்த ஆள் அந்த ஒரு காதை முன்னால் நீட்டி, மற்றப் பக்கத்தை இருட்டுக்குள் விட்டிருந்தார். நாம் சொல்வதை நம்பாத பார்வை. மூஞ்சியில் ஒரு சாயலும் கிடையாது. ஆனால் நிற்கிற நிலை என் வீட்டுக்காரருடையது.

என் முறை வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ரெண்டு வார்த்தைதான் வந்தது. “ஓர். கபுட்.” காது, கெட்டுப்போச்சு.

ஹெல்கா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று என்னவோ சொன்னார். காட்சிசாலை ஆளைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். ரெண்டு வாரம் கழித்து மெர்லினைக் கூட்டிக்கொண்டு போனபோது, படத்துக்குப் பக்கத்தில் பார்வையாளர் கருத்து என்று ஒரு அட்டை தொங்கியது. மெர்லின் வாசித்து, திக்கித் திக்கித் தமிழில் சொன்னாள்: “இவர் ஒரு காதை உலகத்துக்கு மூடிட்டார். இன்னொரு காதைக் கடவுளுக்குத் திறந்து வச்சிருக்கார். ஆச்சி, இது நீ சொன்னதா?”

“நான் காது கேக்காதுன்னுதான்ளா சொன்னேன்.”

அடுத்த வகுப்பில் டீச்சர் கையால் செய்து காட்டி இன்னொன்றும் விளக்கினார். இந்தப் படம் முதலில் காகிதத்தில் போட்டதில்லையாம். செம்புத் தகட்டில் மெழுகைப் பூசி, அதில் ஊசியால் கீறி, திராவகத்தில் முக்கினால் கீறின இடத்தை எல்லாம் அது தின்றுவிடுமாம். அந்தப் பள்ளத்தில் மையை அடைத்துக் காகிதத்தை வைத்து அமுக்கினால் படம் வந்துவிடும். ஆனால் இடம் வலமாக மாறி வரும், முத்திரை குத்துகிற மாதிரி. எனக்கு அப்போதுதான் மனசு ஆறியது. இந்த ஆள் வலது காதையல்லவா நீட்டுகிறார், என் வீட்டுக்காரர் இடது காதை நீட்டுகிறவராயிற்றே என்று முதல் நாளிலிருந்தே ஒரு உறுத்தல் இருந்தது. செம்பில் இருக்கும்போது அவரும் சரியாகத்தான் இருந்திருக்கிறார். இடம் மாறி வந்ததில் திரும்பிக்கொண்டார். வேறு தேசத்துக்கு வந்த எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

4

பத்தாம் வருஷப் பூசைக்கு ஏற்பாடு செய்தது என் நாத்தனார் ரெஜினா, இவருடைய ஒரே தங்கச்சி. ஊரில் இருக்கிறாள். போஸ்டருக்குப் படம் அனுப்புங்க மதினி என்று கேட்டாள். கல்யாண ஆல்பம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தபோது ஏடோடு ஏடு ஒட்டிப்போயிற்று. மிச்சம் இருப்பது சங்கு குளிக்க லைசென்சுக்காக எடுத்த போட்டோ ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர் தலையைப் பிடித்து நேராக வைத்து எடுத்தது. அதை அனுப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். காட்சிசாலையில் மெர்லின் எடுத்துத் தந்த படமும் போனில் இருந்தது. ரெஜினாவும் பார்க்கட்டும் என்று அதையும் அனுப்பி, குரல் பதிவாக ஒரு வார்த்தை பேசினேன். “ரெஜினா, இதப் பாரேன். ஒங்க அண்ணன் நிக்க மாதிரி இல்ல?” எங்கே பார்த்தது, யார், ஏது என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசினால்கூட எனக்குக் கூச்சம். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து போஸ்டர் போனில் வந்தது. பிளக்ஸ் கடை அண்ணாச்சி உழைத்திருந்தார். கறுப்பு மூஞ்சிக்கு நம்ம ஊர் நிறம் கொடுத்து, கன்னத்தில் லேசாக ரோஸ் தடவி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார். பின்னால் கடல், கோயில் கோபுரம், ரெண்டு புறா. நெற்றிக் கோடுகளை மட்டும் அவராலும் அழிக்க முடியவில்லை.

அதை ஊரில் ஒட்டிய மறுநாளே ரெஜினாவிடமிருந்து போனும் வந்தது.

“மதினி, ஊரே படத்தப் பத்தித்தான் பேசுது! கிளாரா அக்கா தூணப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. கடைசிக் காலத்துல மனுஷன் இப்படி உருக்குலைஞ்சு போயிட்டாரேங்கா.”

“சரி...”

“தருவைகுளத்துல இருந்து சவரி அண்ணன் வந்தாரு. அண்ணனோட ஒரே தோணியில முங்குனவருல்லா. பத்து நிமிசம் பாத்தாரு. ‘கடலடிப் பாருல முங்கிட்டு மூச்சு முட்டி ஏறி வருவான் பாரு, அப்ப இதே மூஞ்சிதான்’னு சொல்லுதாரு.”

“அப்படியா...”

“சாத்தான்குளத்துக் கடைக்காரர் ஒருத்தர் மட்டும், வெளிநாட்டு மூஞ்சி மாதிரில்லா இருக்குன்னாரு. விட்டேன் பாருங்க. அண்ணாச்சி, எங்க அண்ணன் கடலுக்கு அடியிலதான் போனான், கடலத் தாண்டிப் போகலன்னேன். வாய மூடிக்கிட்டுப் போயிட்டாரு.”

“சரி, வைக்கேன்” என்று வைத்துவிட்டேன்.

5

சாயந்திரம் மெர்லினிடம் போஸ்டரைக் காட்டினேன். சோபாவிலிருந்து உருண்டுவிட்டாள். அப்புறம்தான் அந்த ஆள் யார் என்று சொன்னாள். அவருக்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவே விடுகிறார்களாம். பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம்ம ஆட்கள் வாசிக்கிற பத்திரிகை. போப்பாண்டவரோடு சண்டை போட்டு, நம்ம சபையை விட்டுத் தனியாகப் போன சாமியார் என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். செத்தவர்களுக்காகப் பூசை வைப்பது வேண்டாத வேலை என்று சொன்னவரும் அவர்தானாம். ஞாயிற்றுக்கிழமை அவர் படத்தைப் பீடத்துக்குக் கீழே வைத்து, மாலை போட்டு, செத்தவருக்கான பூசை நடக்கப்போகிறது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “எம்மா, அத்தைட்ட சொல்லிரு. இல்லன்னா நான் சொல்லுதேன்.”

“நீ சொல்ல வேண்டாம்ளா. அனுப்புனது நானுல்லா.”

உண்மையில் எனக்குச் சாமியார் பெரிய விஷயமாகப் படவில்லை. உறுத்தியது வேறு. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். பத்து வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட இது அவர் இல்லை என்று தெரியவில்லையா? அப்படியென்றால் என் வீட்டுக்காரர் மூஞ்சி தூத்துக்குடியில் யாரிடமும் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதையாவது பார்ப்போம் என்று மறுநாள் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டே கண்ணை மூடினேன். வந்தது அந்தச் சாமியார். மறுபடி மூடினேன். மறுபடியும் அவர்தான். அதே தாடை, அதே வலை விழுந்த நெற்றி. லைசென்ஸ் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். என் அட்டையில் இருக்கிற பொம்பளைக்கு அண்ணன் மாதிரி யாரோ ஒரு ஆள் முழித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷனின் மூஞ்சியை நானே தொலைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் அந்தப் படத்துக்கு முன்னால் நடந்துவிட்டால் அப்புறம் அதுதான் நிலைக்கும் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரெஜினாவுக்குப் போன் போட்டேன். மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சனிக்கிழமை போட்டேன். மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன்.

“ஏன் மதினி, அங்கன மழைக்குப் பஞ்சமா?” என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை மணி. அங்கே சாயந்திரப் பூசைக்கு அரைமணி நேரம் இருந்தது. ஜெசிந்தாவும் மெர்லினும் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, போனை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க மதினி. சத்தமாச் சொல்லுங்க. கோயில்ல இருக்கேன், இங்கன மைக் டெஸ்ட் பண்ணுதான்.”

“ரெஜினா, அந்தப் படம்...”

“படத்துக்கென்ன? மாலை போட்டு வச்சாச்சு. ஜோரா இருக்கு. பங்குச்சாமிகூட நின்னு பாத்தாரு. எங்கயோ பாத்த முகமா இருக்குதேன்னாரு.”

“அது ஒங்க அண்ணன் இல்ல.”

“என்னது? கேக்கல மதினி.”

என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. மேல்வீட்டு ஜெர்மன் அம்மா தரையில் தட்டினார். “அது ஒங்க அண்ணன் இல்லளா! வேற ஆளு!”

அந்தப் பக்கம் மைக் செட்காரன் ஹலோ ஹலோ என்று சொல்வது மட்டும் கேட்டது. அப்புறம் ரெஜினா நிதானமாகச் சொன்னாள்.

“ஏன் மதினி இப்படிக் கத்துதிய? எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். அது அண்ணன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவ நான். அண்ணனுக்கு ஏது இம்புட்டுப் பெரிய தாடை?”

“அப்ப எதுக்குளா போட்ட?”

“முதல்ல பிளக்ஸ்காரன்ட்ட லைசென்ஸ் போட்டோவத்தான் கொடுத்தேன். பெரிசாக்கிக் காட்டுனான். போலீஸ்ல பிடிச்சு நிறுத்துனவன் மாதிரி அண்ணன் நேராப் பாத்து முழிக்கான். மூஞ்சி எங்க அண்ணன் மூஞ்சிதான், ஆனா எங்க அண்ணன் என்னைக்கு நேரா நின்னான்? பெறகு நீங்க அனுப்புன இத எடுத்துக் காட்டுனேன். ஆளு யாரோ, ஆனா நிக்கது அவன்தான். ஒண்ணே ஒண்ணு, காது மாறி இருந்துச்சு.”

“காதா?”

“அண்ணனுக்கு வலது காதுல்லா போச்சு? இவரு வலது காதப் போயி நீட்டிக்கிட்டு நிக்காரு. திருப்பிப் போடுன்னு பிளக்ஸ்காரன்ட்ட சொன்னேன். ‘நல்லாத்தான இருக்குக்கா’ங்கான். ஏலே, திருப்புலேன்னு பக்கத்துலயே நின்னு திருப்ப வச்சேன். நீங்க பாக்கலையா?”

பார்க்கவில்லை. எத்தனை தடவை அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையையும் புறாவையும் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை. மெர்லின் அவள் போனில் போஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தாள். இடது காது.

இருந்தாலும் முழுசும் சொல்லிவிட வேண்டும் என்று, அந்த ஆள் யார், யாரோடு சண்டை போட்டார் என்பதையும் சொன்னேன்.

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். “சண்டைதான? எங்க அண்ணன் மட்டும் யார் கூடப் போடல? கோயில் மைக் சத்தம் பத்தலன்னு பங்குப் பேரவையோட மல்லுக்கு நின்னு, நாலு வருசம் மதிலுக்கு வெளிய நின்னுல்லா பூசை பாத்தான்! விடுங்க மதினி. ரெண்டு பேரும் மேல போயி சமாதானம் ஆயிருப்பாவ. மணி அடிக்குது, வைக்கேன்.”

வைத்துவிட்டாள். நான் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னது சரி, என் வீட்டுக்காரருக்குத் தாடை இவ்வளவு இல்லை. மூக்கும் இப்படி இல்லை, நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும். நெற்றியில் கோடே கிடையாது; புருவத்தில் மட்டும் சங்கு கிழித்த தழும்பு, அந்த இடத்தில் முடி முளைக்காது. இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, அந்தக் கீறலுக்கு எல்லாம் அடியிலிருந்து இவர் மேலே வந்துவிட்டார். ஈரத் தலையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, நான் சொன்னதை நம்பாமல்.

பூசையைப் போனில் பார்த்தோம். பங்குச்சாமி படத்துக்குத் தூபம் காட்டும்போது ஒரு நொடி கை நின்றது. பிறகு மூன்று தடவையும் ஒழுங்காகக் காட்டிவிட்டார். மெர்லின் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் ஒரு மெழுகுதிரி எடுத்துவந்து போனுக்குப் பக்கத்தில் பொருத்தி வைத்தாள்.

ரெஜினா சொல்லித்தான் தெரியும், கோயில் தெருமுனைப் போஸ்டர் மட்டும் இன்னும் கிழியவில்லையாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். யாரிடம் பேசுகிறோம் என்று குழம்ப வேண்டாம். எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அவருக்கு இடது பக்கம் நின்று பேசுங்கள். வலது பக்கம் நின்றால் கேட்காது.